கஞ்சி போட்ட சிறகு

இலங்கையில் ஆகாய விமானத் தொழில் ஏன் தலையெடுக்கவில்லை என்று யாராவது ஆராயப் புறப்பட்டால், கொழும்பில் பழைய கோப்புகளைக் கிளறி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேரே மருதமுனைக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டலாம். குற்றவாளி உயிரோடுதான் இருக்கிறான். காது கொஞ்சம் மந்தம், பலமாகத் தட்ட வேண்டும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.சி. பாஸ். ஊரில் ஆங்கிலக் கடிதம் எழுதத் தெரிந்த ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன் என்பதால், எங்கள் தெரு நெசவாளர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். சங்கம் என்றால் ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டில், ஒரு மேசை, பன்னிரண்டு தறிக்காரர்கள். நெய்வது இடுப்பில் உடுத்தும் சாரம். செயலாளருக்குத் தறியில் ஒரு இழை கூட ஓட்டத் தெரியாது. (அது ஒரு தகுதிக் குறைவு என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.)

பன்னிரண்டு பேரில் கைகாரன் என்றால் மீராலெவ்வை மச்சான்தான். என் மூத்த சகோதரி, ராத்தாவின் மாப்பிள்ளை. அவர் நெய்த துணியை வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒரு இழை தடித்து, ஒரு இழை மெலிந்து இராது. ஆனால் அவருடையது குழித்தறி. நிலத்தில் குழி தோண்டி, கால் இரண்டையும் அதற்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். கடற்கரை மண். மாரி பிறந்தால் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். காலை முழங்கால் வரை ஈரத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நெய்வார். முப்பத்தைந்து வயதில் அவர் எழும்பி நிற்பதற்குள் நாம் ஒரு கோப்பை பிளேன்ரீ குடித்து முடித்துவிடலாம்.

அந்த நேரம் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. பயிற்சிக்குப் பறக்கவிடும் சிறிய விமானங்களின் சிறகுகள் துணியால் மூடப்பட்டவை. அந்தத் துணி வெளிநாட்டிலிருந்து வருகிறது. உள்நாட்டில் யாராவது நெய்துகாட்டினால், ஆகாயத் தொழிலை வளர்க்கும் நோக்கத்தோடு அரசாங்கம் உதவி செய்யும். இதை வாசித்ததும் எனக்கு உடம்பில் இரத்தம் ஓடவில்லை, பெற்றோல் ஓடியது. விமானத்தை நான் கிட்ட நின்று பார்த்ததே கிடையாது. எப்போதாவது மட்டக்களப்புப் பக்கம் போவதை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதனால் என்ன? அன்றைக்கே ஆறு பக்கத்தில் மனு எழுதினேன். அடுத்த வெள்ளி கல்முனைக்குப் போய் ஒரு ரப்பர் முத்திரை வெட்டுவித்தேன்: 'கீழ் மாகாண ஆகாயவிமானச் சிறகுத்துணி உற்பத்தியாளர் சங்கம்'. முத்திரை அவ்வளவு நீளம். கடித உறையின் மேல் குத்தினால் அடங்காமல் இரண்டு பக்கமும் வழிந்தது.

பதில் வராது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வந்தது. உயர்ந்த ரக நூல் ஒரு பெட்டியும், ஒரு சிறகின் வரைபடமும், ஒரு கடிதமும் வந்தன. துணியை நெய்து, நன்றாக அலசி, அதன் மேல் எதையும் பூசாமல் காட்ட வேண்டும். சட்டத்தில் துணியை இறுக்குவதற்கான பூச்சை அதிகாரியே கொண்டுவருவார். துணி தேறினால் மருதமுனையில் அரசாங்க நெசவு நிலையம் ஒன்று அமையும். நெய்தவருக்கு அதில் போதனாசிரியர் வேலை.

இதை நான் தமிழில் வாசித்துக் காட்டியபோது மச்சான் ஒன்றுதான் கேட்டார்.

"போதனாசிரியர் எண்டா நிண்டா படிப்பிக்கிற, இருந்தா?"

"கதிரையில இருந்து மச்சான். சிமெந்து நிலம். பென்சனும் இருக்கு."

அவர் மிதிப்பதை நிறுத்தினார். குழிக்குள் இருந்த தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று தொடங்கி இரண்டு மாதம், சாரத்தைத் தொடவில்லை. அந்த நூலையே நெய்தார். ராத்தா அவருக்குச் சோற்றைத் தறியடிக்கே கொண்டுபோய் ஊட்டாத குறை.

துணி முடிந்தது. தண்ணீரில் அலசிக் காயப்போட்டோம். சரி, அத்தோடு நான் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? என் மூளைக்குள் அப்போதுதான் சைத்தான் வந்து பாய் விரித்தான். துணியை இறுக்கும் பூச்சு என்றால் என்ன? மொடமொடப்பு. மொடமொடப்புக்கு எங்களிடம் இல்லாத சாமானா? தறிக்காரன் வீட்டில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி எந்நாளும் இருக்கிறது. கல்முனைச் சந்தையில் சாரம் வாங்குகிறவன் கண்ணால் பார்ப்பதில்லை, காதுக்குக் கிட்ட வைத்துக் கசக்கிப் பார்க்கிறான். சத்தம் வந்தால்தான் காசை எடுக்கிறான். கொழும்பு அதிகாரியும் மனிதன்தானே. துணியும் நாங்களே, பூச்சும் நாங்களே என்று காட்டினால் அரசாங்கம் இரட்டிப்பு உதவி செய்யாதா?

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. "கஞ்சி நூலுக்குப் போடுற சாமான், தம்பி. தறியில இழை அறாம இருக்க. அவங்க ஒண்டும் பூச வேணாம் எண்டு எழுதியிருக்காங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மச்சான், நீங்க நெய்யிற வேலையப் பாருங்க. கடிதம் வாசிக்கிற ஆள் நான்" என்றேன். இன்றைக்கும் தெருவில் போகும்போது இந்த வசனம் ஞாபகம் வந்தால் நின்றுவிடுவேன்.

தோணி கட்டும் ஓடாவியார் ஒருவரைக் கொண்டு, வரைபடத்தின்படி சிறகுச் சட்டம் ஒன்று செய்வித்திருந்தேன். அவர் கைப்பழக்கத்தில் அது பாதித் தோணி மாதிரி வந்தது. தூக்க ஆறு பேர் வேண்டும். அதில் துணியைப் போர்த்தித் தைத்து, ராத்தாவின் குசினியில் பெரிய சட்டியில் பச்சையரிசிக் கஞ்சி காய்ச்சி, ராத்தா முணுமுணுக்க முணுமுணுக்க, மூன்று தரம் பூசினேன். என் கையாலேயே பூசினேன். வெயிலில் காய்ந்ததும் விரலால் சுண்டினால் றபான் மேளம் மாதிரிச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில் மச்சானுக்கே கொஞ்சம் மனம் இளகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அதிகாரி வந்த நாள் காலையில் நல்ல வெயில். யாழ்ப்பாணத்துப் பக்கத்து மனிதர், மெலிந்தவர், விமானம் திருத்தும் எஞ்சினியர். அவரோடு எங்கள் பகுதி வருவாய் அதிகாரியான டி.ஆர்.ஓ.வும் வந்திருந்தார். சிறகை முற்றத்தில் இரண்டு வாங்குப் பலகையின் மேல் வைத்திருந்தோம். விருந்தினர் கொட்டிலுக்குள் முற்றத்தைப் பார்த்து அமர்ந்தார்கள். நான் கொட்டில் வாசலில், முற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்று வரவேற்புரையைத் தொடங்கினேன். ஒன்பது பக்கம். ஆங்கிலம். வாப்பாவின் பழைய கோட்டு எனக்கு. அதற்குள் இன்னொரு ஆளும் நிற்கலாம்.

மூன்றாம் பக்கத்தில் மழை வந்தது. கடல் பக்கத்து மழை கேட்டுச் சொல்லி வருவதில்லை. நான் நிறுத்தினேனா? இல்லை. கிடுகில் விழும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினேன். ஐந்தாம் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கண்கள் விரிவதைக் கண்டேன். ஆறாம் பக்கத்தில் டி.ஆர்.ஓ. கைலேஞ்சித் துணியால் வாயைப் பொத்தினார். என் ஆங்கிலம் அவரை உருக்கிவிட்டது என்று நினைத்தேன். (அல்லாஹ்மேல் ஆணை, அப்படித்தான் நினைத்தேன்.)

திரும்பிப் பார்த்தபோது தெருவிலுள்ள ஆடுகள் பூராவும் மழைக்கு ஒதுங்கச் சிறகின் கீழே நின்றன. கஞ்சி கரைந்து வெள்ளை வெள்ளையாக அவற்றின் தலையில் ஒழுகியது. ஆகாயத்திலிருந்து கஞ்சி இறங்கினால் ஆடு சும்மா நிற்குமா? நக்கின. நக்கியவை பிறகு இழுத்தன. துணி தொய்ந்து தொட்டில் மாதிரித் தொங்கியது. சிறகின் நடுவே தையல் விட்ட இடத்தால் ஒரு கிடாய் தலையை வெளியே நீட்டி, அரசாங்க உதவியை மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது.

டி.ஆர்.ஓ. விக்கல் எடுக்கும் வரை சிரித்தார். "பறக்காட்டியும் பரவாயில்ல, தின்னவாவது உதவுது" என்று சொன்னார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. மழைக்குள் இறங்கி ஆட்டை விரட்டினார். கிழியாத பகுதியில் ஒரு முழத்தை வெட்டி, மழைத் தண்ணீரிலேயே கஞ்சி போகும்வரை கசக்கிப் பிழிந்தார். கொட்டிலுக்குள் வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடியை எடுத்து இழை எண்ணினார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். திரும்பவும் எண்ணினார்.

"துணி திறம் துணி. இப்பிடி ஒண்டை நான் இங்க எதிர்பார்க்கேல்லை. ஆர் நெய்தது?"

மச்சான் எழும்பினார். எழும்ப அவருக்கு நேரம் எடுத்தது. அவர் முகம் அன்றைக்கு இருந்தது போல அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"இந்தக் கஞ்சியை ஊத்தினது ஆர்?"

இதைத்தான் அவர் அடுத்ததாகக் கேட்டார். என் கையில் இன்னும் மூன்று பக்கம் மிச்சம் இருந்தது. ஒன்பது பக்கம் பேச வந்தவன், அந்த மூன்றையும் ஓரம் பார்த்து அடுக்கத் தொடங்கினேன். டி.ஆர்.ஓ. கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"நாந்தான் சேர். தறிக்காரப் பழக்கம்" என்றார் மச்சான்.

எஞ்சினியர் அந்த முழத் துணியை மடித்து மேசையில் வைத்தார். கோபக்காரர் அல்ல. கவலையோடுதான் சொன்னார். "நெய்யத் தெரியுது ஐயா. ஆனா சொன்னதைச் செய்யாத ஆளை நான் மற்றவைக்குப் படிப்பிக்க விடேலாது. இது ஆகாயத்தில போற சாமான். மனுசர் ஏறிப் போகினம்." பிறகு குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். நெசவு நிலையம் எங்கள் ஊருக்கு வரவில்லை. வேறெங்கும் வந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை.

ஜீப் போன பிறகு மச்சானிடம் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சாரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"உனக்குக் கிளாக்கர் சோதனை வருகுது. டி.ஆர்.ஓ. துரைதான் நற்சாட்சிப் பத்திரம் தரணும். எனக்குத் தறி இருக்கு தம்பி. நீ பேசாம இரு."

நான் ஓம் என்றேன். எவ்வளவு சுலபமாக ஓம் என்றேன்!

டி.ஆர்.ஓ. நல்ல மனம் கொண்டு கையெழுத்திட்டார். சோதனை பாஸாகி அரசாங்கக் குமாஸ்தாவானேன். முப்பத்தொரு வருடம் சிமெந்து நிலத்தில், கதிரையில் இருந்தேன். பென்சன் எடுக்கிறேன். அந்த அரசாங்கத் திட்டத்தால் உதவி கிடைத்த ஒரே ஆள் நான்தான். மச்சான் இன்னும் இருபத்தாறு மாரி அதே குழிக்குள் கால் வைத்தார். கடைசி ஏழு வருடம் அவரைத் தூக்கித்தான் வெளியே எடுத்தார்கள்.

கதை ஊரெல்லாம் பரவியது. 'மீராலெவ்வை றெக்கைக்குக் கஞ்சி ஊத்தின கதை' என்று கலியாண வீடுகளில் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். யாராவது கேட்டால் அவரே சொல்வார், ஆடு தலையை நீட்டியதை நடித்தும் காட்டுவார். நான் பக்கத்தில் இருந்து சிரிப்பேன். சத்தமாகவே சிரிப்பேன்.

ராத்தா கண்ணை மூடி இரண்டு வருடத்தில் மச்சானும் மௌத்தானார். நாற்பதாம் நாள் அவருக்காகக் கத்தம் ஓத எல்லோரும் கூடியிருந்தோம். ஓதி முடிந்து சாப்பாட்டில் உட்கார்ந்தபோது, வழக்கம்போல் யாரோ சிறகுக் கதையை எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடிசோற்றைக் கீழே வைத்தேன். கஞ்சி ஊற்றியது மீராலெவ்வை மச்சான் அல்ல, நான்தான் என்றேன். அவர் வேண்டாம் என்று தடுத்தார் என்றேன். எனக்காகத்தான் பழியை ஏற்றார் என்றும், அவருடைய வேலையை நான் தின்றுவிட்டேன் என்றும் எல்லாவற்றையும் சொன்னேன். பேசி முடிக்கும்போது அழுதுவிட்டேன்.

 மச்சானின் மூத்த மகள் ஹபீபாவின் கண்ணும் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா எங்கட மாமாவ? மௌத்தான ஆளப் பாத்து மத்தவங்க சிரிக்கப்படாது எண்டு, பழியத் தன்ட தலையில போடுறார்" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் என்னை அன்போடு பார்த்தார்கள். ஹபீபா பெரிய துண்டு இறைச்சியாகப் பார்த்து எடுத்து என் பக்கம் வைத்தாள். நான் அதையும் சாப்பிட்டேன்.