அப்பாசாமி வயித்துல மூணு பல்லு

போதுங்க, நிறுத்துங்க. கண்ணாயி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சும்மா மெத்தையில படுத்துக்கிட்டு வந்தாங்கறதை இதுவரைக்கும் பதினேழு பேரு சொல்லிட்டாங்க, நீங்க பதினெட்டு. ஒவ்வொருத்தருக்கும் மொதல்ல இருந்து சொல்லிச் சொல்லி எனக்குத் தாடையே கழண்டு போச்சு. புருசனுக்கு நோவு, பொண்டாட்டிக்குச் சொகுசாங்கறீங்க. உங்களுக்கு இதைச் சொன்னது யாரு? அப்பாசாமிதானே. நேத்து ஊர்க்கூட்டத்துக்கு நீங்க வரல. வந்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க. சரி, கண்ணாயி பக்கம் நின்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அப்பாசாமி பக்கமே நின்னு சொல்றேன். அவரு நெஞ்சுக்குள்ளயே பூந்து சொல்றேன். கேட்டுட்டு அப்பறம் பேசுங்க.

எங்க மலையில, திருப்புலி நாட்டுல அப்பாசாமிக்கு நல்ல காடு. சாமை போடலாம், மரவள்ளி நடலாம், பலா மரத்துல மிளகுக் கொடி ஏத்தலாம். அந்தக் காட்டுல குறைன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான், வேலை செஞ்சாத்தான் வெளையும். அதைத் தாங்க முடியாமத்தான் அவரு வயித்துல ஒரு கட்டியை வளத்தாரு.

நெசக் கட்டி இல்லீங்க. வாயாலயே வளத்த கட்டி. களை எடுக்கற அன்னிக்கு அது இடப்பக்கம் இருக்கும். மிளகு பறிக்க ஏணி ஏறணும்னா வலப்பக்கம் வந்துரும். சந்தையன்னிக்கு மட்டும் எங்கயோ வெளியூர் போயிரும்.

நெசக் கட்டி கண்ணாயிக்கு இருந்துச்சு. ரெண்டு வருசமா அடிவயித்துல, வலப்பக்கம். மொதல்ல கோழி முட்டை. அப்பறம் கமலாப்பழம். அவ சொன்னப்ப அப்பாசாமி, "வாயு புள்ள. ஓமத்த மெல்லு"ன்னாரு. மறுக்காச் சொன்னப்பக் கோயிலுக்கு ஒரு சேவல் நேந்தாரு. இப்படி மூணு சேவல். சாமிக்குக் காட்டுனது பூசாரி, தின்னது அப்பாசாமி. கட்டி மட்டும் இருந்த எடத்துலயே இருந்துச்சு. ஒரு நாள் சாமை குத்திட்டிருந்தவ உலக்கையோட சாஞ்சு விழுந்தா. அப்பவும் அவரு உலக்கை ஒடஞ்சிருச்சான்னுதான் பார்த்தாரு.

கீழ கூட்டிட்டுப் போங்கன்னு அவ கெஞ்சாத நாளில்ல. ஆனா எங்க ஊருல தூளிக்குன்னு ஒரு முறை இருக்குது. நோவுல விழுந்தவங்களைத் தூளி கட்டி, கம்புல கோத்து, நாலு பேரு மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் எறக்கணும். பொம்பளையை எறக்கணும்னா புருசன் ஊர்க்கவுண்டரைக் கேக்கணும். ஆம்பளையை எறக்கணும்னா பொண்டாட்டி கேட்டாப் போதும். தூளியில போனவனுக்கு நோவு இல்லேன்னு தெரிஞ்சா, தூக்குன நாலு பேரு காட்டுலயும் தலைக்குப் பத்து நாள் வேலை செய்யணும். மொத்தம் நாப்பது நாள். அவ ஊட்டுக்கு வந்ததுல இருந்து அப்பாசாமி அவளுக்காக ஒரு தடவை கூடக் கேக்கல.

இந்த நெலமையிலதான் காரவள்ளிக்காரரு பொங்கியண்ணன் மிளகு வாங்க மேல வந்தாரு. வந்தவரு அவரு சம்சாரம் செல்லாத்தாளைச் சேலத்து ஆஸ்பத்திரியில படம் புடிச்ச கதையைச் சொன்னாரு.

"எக்ஸ்ரேன்னு ஒரு மெசினுங்க. தோலை அறுக்காம உள்ள இருக்கறதைப் படமா எடுத்துருது. என் சம்சாரத்து முதுகெலும்பு அத்தனையும் எண்ணிட்டேன். பக்கத்துல வெள்ளையா ஒரு கல்லு. ஆறு வருசமாச் செய்வினைன்னு நெனச்சது, கடைசியில கடலைப்பருப்பு அளவு கல்லுங்க."

அப்பாசாமி படுத்த வாக்குலயே, "மனுசனுக்குள்ள என்னென்ன இருக்குது பாரு"ன்னு தத்துவம் பேசுனாரு. கண்ணாயி மிளகை அளந்து போட்டுட்டு நேரா ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் ஊட்டுக்குப் போனா.

அங்க போய் அவ அழுத அழுகை இருக்குதே, நல்ல அழுகைங்க. "எம் புருசன் வயித்துல கட்டி. தெனமும் எடம் மாறுது. சேலத்துல அந்த மெசினுல படம் புடிச்சுப் பாக்கணும். கையெடுத்துக் கும்புடறேன், தூளி குடுங்க."

கவுண்டருக்கு மனசு எளகிருச்சு. ஒரு கண்டிசன் மட்டும் போட்டாரு. "டாக்டரு சீட்டுல எழுதிக் குடுத்தா எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் படத்தைக் கொண்டாந்து காட்டணும். நானே பாத்துக்கறேன்."

மறுநாள் விடிஞ்சதும் வாசல்ல நாலு பேரு கம்போட நின்னாங்க. அப்பாசாமிக்கு மொதல்ல திக்குன்னுச்சு. ஆனா தூளியில ஏறிப் படுத்ததும் அந்த ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. நாலு பேரு தோள்ல அவரு, பின்னால ஒரு கையால அடிவயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணாயி. பாதி எறக்கத்துல, முன்னால தூக்குன ராசப்பன் மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்னான்.

"மாமா, எங் காட்டுல மரவள்ளிக்கு மண்ணு அணைக்கணும். படத்துல ஒண்ணும் இல்லேன்னு வந்தா, மொதப் பத்து நாளு எனக்கு."

அப்பத்தான் தூளி அவருக்கு வலிக்க ஆரம்பிச்சுது.

காரவள்ளியில மாட்டு வண்டி, சேந்தமங்கலத்துல கரி பஸ். சீமையில நடக்கற சண்டையால பெட்ரோலு இல்லே, பஸ்ஸு பின்னால அடுப்பைக் கட்டிக்கிட்டு இருமுது. ஏத்தம் வந்தா எல்லாரும் எறங்கித் தள்ளணும். கண்ணாயியும் எறங்கித் தள்ளுனா. அப்பாசாமி நோயாளி, உள்ளயே உக்காந்துட்டாரு.

சேலத்து ஆஸ்பத்திரியில பேரு பதியற வரிசை. பெஞ்சுல உக்காந்து அப்பாசாமி பக்கத்துல நின்ன காவக்காரரை மெதுவா விசாரிச்சாரு.

"அந்த மெசினு எல்லாத்தையும் காட்டிருமுங்களா?"

"கட்டி இருந்தா இருக்குதுன்னு காட்டும்."

"இல்லாட்டி?"

"இல்லேன்னு காட்டும். மெசினுக்கு மாமனா மச்சானா?"

அப்பாசாமிக்கு நாப்பது நாளும் கண்ணு முன்னால வரிசையா வந்து நின்னுச்சு, ஒவ்வொண்ணு கையிலயும் ஒரு மம்முட்டி. அங்கதான் அவரு மூளை வேலை செஞ்சுது. அவரு ஒடம்புல வேலை செய்யறது அது ஒண்ணுதான்.

"கண்ணாயி."

"என்னுங்க."

"உனக்கு வயித்துல என்னமோ உருளுதுன்னு சொல்லுவியே."

"அது வாயுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப நெனச்சுப் பார்த்தா..."

"ஓமம் தின்னாச் சரியாப் போகும்னீங்க."

"ஓமத்தை விடு சாமி. நீ போய் அந்த மெசினு முன்னால நில்லு. படத்துல பேரா எழுதறாங்க, ஓரத்துல ஒரு நம்பருதான் போடறாங்க. எலும்புல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன. உம் படத்தை எம் படம்னு ஊருல காட்டிக்கறேன்."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. என்னத்தைக் காட்டுவீங்க?"

"இருக்குது."

"எது?"

"கட்டி."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"நெசக் கட்டியா, உங்களுது மாதிரியா?"

அப்பாசாமி சுத்தியும் பார்த்தாரு. நம்ம மலை ஆளு யாரும் இல்லே. "நெசக் கட்டி"ன்னாரு.

"டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. ரெண்டு வருசமா இருக்குதுன்னும் சொல்லுங்க. வாயுன்னு நாந்தான் சொன்னேன்னும் சொல்லுங்க."

சொன்னாரு. ஒண்ணு விடாமச் சொன்னாரு. ரெண்டு வருசமா அவ அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தா. கேட்டப்ப அவளுக்கு அழுகையும் வரல, சிரிப்பும் வரல. அலுத்துப் போயிருந்தா, அவ்வளவுதான்.

டாக்டரம்மா அவ வயித்தை அமுக்கிப் பார்த்தாங்க. "கட்டி கையில தட்டுப்படுது. ஆனா என்ன கட்டின்னு கைக்குத் தெரியாது. படம் எடுத்துரலாம்."

மறுநாள் படத்தை வெளக்கு முன்னால மாட்டுனாங்க. இடுப்பெலும்பு வெள்ளையா விரிஞ்சு கெடந்துச்சு. அதுக்கு நடுவுல உருண்டையா ஒரு நெழலு. நெழலுக்குள்ள பளிச்சுன்னு மூணு புள்ளி. புள்ளியில்லீங்க, வேரும் முனையுமா, பல்லு.

"பல்லுங்களா?"ன்னாரு அப்பாசாமி.

"பல்லுதான். இப்படி ஒரு வகைக் கட்டி இருக்கு. உள்ளயே முடி, பல்லு எல்லாம் வளரும்."

"வாயில இருக்கறது பத்தாதுன்னு உள்ளயும் வளத்திருக்காளா?"

டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாங்க. "அந்தப் பல்லுதான் இது இன்ன கட்டின்னு காட்டிக் குடுத்திருக்கு. எங்க இருக்கு, எவ்வளவு பெருசு, எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இன்னும் விட்டு வெச்சு, அது உள்ள முறுக்கிக்கிட்டா, மலையில இருந்து எறக்கறதுக்குள்ள உசுரு போயிரும். அறுத்து எடுத்துடலாம், பொழைச்சுக்குவாங்க."

இதுல அப்பாசாமி காதுல விழுந்தது பல்லு மட்டும்தான். இந்த மாதிரிப் படத்தைக் கவுண்டரு பார்த்தா ஜென்மத்துக்கும் தன்னை வேலைக்குக் கூப்புட மாட்டாருங்கற சந்தோசத்துல, அவரு வெளிய போய் வெத்தலை போட்டாரு. மிச்சத்தை டாக்டரம்மா கண்ணாயிகிட்டச் சொன்னாங்க.

அறுத்த அன்னிக்கு மட்டும் அவரு கதவுக்கு வெளிய வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அன்னிக்கு அவருக்கு நெசமாவே வலிச்சுதுன்னு நான் ஒத்துக்கறேன். என் வாயில இருந்து அவருக்கு அவ்வளவுதான் கெடைக்கும்.

நாலாம் நாள் கண்ணாயி தலகாணிக்கு அடியில இருந்து படத்தை எடுத்து நீட்டுனா.

"கேட்டு வாங்கி வெச்சேன். எடுத்துட்டுப் போங்க."

"நெசமாவா சொல்ற?"

"உங்களுக்குத்தானே வேணும். ஒண்ணே ஒண்ணு. நான் வந்தப்பறம் கூட்டத்துல காட்டுங்க."

படத்தோட மலையேறுனவரு ஊடு ஊடாச் சொன்ன கதைதான் நீங்க இப்பச் சொல்றது. கட்டி அவருக்காம். மருந்துலயே கரைச்சுட்டாங்களாம், அதனால தழும்பு இல்லியாம். பொண்டாட்டி பயந்து மயங்கி விழுந்தவ, மெத்தை நல்லாருக்குதுன்னு எந்திரிக்க மாட்டேங்கறாளாம். அஞ்சு வாரம் கழிச்சு அவ மேல வந்தா. தூளி இல்லே, அதைப் புருசன்தானே கேக்கணும். கூட்டியாரக் கீழ போயிருந்த அவ தங்கச்சி பாப்பாத்தி தோளைப் புடிச்சுக்கிட்டு, பாறைக்குப் பாறை உக்காந்து உக்காந்து, ஒரு பகல் பூரா ஏறுனா.

நேத்துக் கூட்டம். கருப்பண்ணக் கவுண்டரு படத்தைச் சூரியனுக்கு நேராப் புடிச்சாரு. எண்ணுனாரு. மூணு. ஊரே வாயைத் தொறந்துக்கிட்டு நின்னுச்சு. அப்பாசாமிக்கு நெஞ்சு ஒரு சாண் ஏறிருச்சு. பின்னால இருந்து கண்ணாயி மெதுவாக் கேட்டா.

"ஏனுங்க, இந்தப் படம் உங்களுதுங்களா?"

"பின்னே யாருது?"

"சாமி சத்தியமா?"

"சத்தியமா என்னுதுதான். இந்த வயித்துல இருந்ததுதான்."

"அப்பச் சரிங்க. டாக்டரம்மா சொன்னாங்க, இந்தக் கட்டி வயித்துல கண்ட எடத்துல மொளைக்காதாம். கருப்பையை ஒட்டி ஒரு சின்னப் பை இருக்குமாம், பொம்பளைங்களுக்கு. அதுலதான் மொளைச்சிருந்துச்சாம்."

அப்பாசாமி வயித்தைப் புடிச்சுக்கிட்டு, "வலிக்குது"ன்னாரு.

"எந்தப் பக்கம் மாமா?"ன்னான் ராசப்பன்.

அவ்வளவுதான், எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிட்டாரு. இன்னும் கதவைத் தொறக்கல. அவருக்காக வக்காலத்து வாங்கிட்டு வந்திருக்கற நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒளிஞ்சதெல்லாம் போதும். வார சந்தையன்னிக்கு, திருப்புலி நாடு, ஆலத்தூர் நாடு, அத்தனை சனமும் கூடி நிக்கறப்ப, அப்பாசாமி வாயைத் தொறந்து பதில் சொல்லட்டும்: வயித்துல கருப்பை இருக்குதா, இல்லே நாப்பது நாள் வேலையா?