மூணுதரத்திடம் கேட்காமல் அழித்த கார்டு

உலகத்திலேயே மிக மெதுவான கம்ப்யூட்டர் கடை எங்கள் புதுச்சேரியில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் மெதுவில்லை, கடைக்காரர் மெது. இருபத்தைந்து வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். ஃபைலை நகரவிடாமல் வைத்திருக்கும் வித்தையை எனக்கே கற்றுக்கொடுக்கக்கூடியவர் அவர்.

அவர் நிஜப்பெயர் யாருக்கும் தெரியாது. மூணுதரம் கடை எங்கே என்று கேட்டால் பெரிய மார்க்கெட்டில் பூக்காரம்மா முதல் ஆட்டோக்காரர் வரை கை காட்டுவார்கள். ஒருகாலத்தில் வைத்திக்குப்பம் கடற்கரையில் மீன் ஏலம் விட்டவர். மூட்டுவலி வந்து மணலில் நிற்க முடியாமல் போனபோது, மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பை நோண்டி நோண்டித் தொழிலை மாற்றிக்கொண்டார். தொழில்தான் மாறியது, தொண்டை மாறவில்லை. எந்த மெமரி கார்டை அழிப்பதானாலும் ஏலம் கூவிவிட்டுத்தான் அழிப்பார்.

போன வருஷம் நான் அங்கே போய் நின்றதற்குக் காரணம் என் மாமனார். அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவருடைய முதல் வருஷ தெவசத்தன்று அவர் போட்டோக்களும் வீடியோக்களும் வீட்டு டிவியில் தானாக ஓடும்படி செய்கிறேன் என்று என் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். இதற்கென்று சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டும் வாங்கியாயிற்று. அதற்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. நகத்தளவு மெமரி கார்டில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிச் செருகினால்தான் உயிர் வரும். ஏற்றும்போது கார்டில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் போய்விடும்.

என் கையில் இரண்டு கார்டு. ஒன்று புதுசு. இன்னொன்றில் மாமனார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு.

மூணுதரம் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். மீனை விட்டுப் பத்து வருஷம் ஆகியும் கையில் வாடை இருப்பதாக அவருக்கு நம்பிக்கை. பிறகு புதுக் கார்டை மட்டும் லேப்டாப்பில் போட்டார். மாமனாரைத் தெர்மோகோல் மீன்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"இதுல இன்னா இருக்குது சார்?"

"ஒண்ணுமில்லண்ணே, புதுசு."

"தொறந்து பாத்தீங்களா?"

"புதுசைத் தொறந்து பாக்க என்ன இருக்கு?"

"அப்ப நான் பாக்கறேன்." பார்த்தார். காலி. மறுபடியும் பார்த்தார். அப்புறம் எழுந்து நின்று, தெருவைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். "ஐயா, அம்மா! சாரோட கார்டு அழியப் போவுது! ஒருதரம்!"

கூடையோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். "இன்னா மீனுண்ணே, வஞ்சிரமா?" என்று எட்டிப் பார்த்தாள் ஒருத்தி.

"மீனில்லம்மா, மெமரி. ரெண்டுதரம்!"

எனக்கு மானம் போயிற்று. வாரப் பத்திரிகையில் பத்தி எழுதுகிற பெரிய மனுஷன் நடுத்தெருவில் ஏலத்துக்கு நிற்பதா? "குடுங்கண்ணே, நானே வீட்டுல பாத்துக்கறேன்" என்று இரண்டு கார்டையும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னைவிட்டால் ஆளில்லை. மாமனாரின் கார்டை லேப்டாப்பில் செருகினேன், போட்டோக்களைப் பிறகு நகல் எடுக்கலாம் என்று. புதுக் கார்டை ரீடரில் செருகினேன். சிஸ்டம் ஏற்றும் திரையில் இரண்டு டிரைவும் ஒரே அளவு காட்டின. மேலே இருந்ததை அமுக்கினேன். 'எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று அதுவும் மரியாதையாகத்தான் கேட்டது. ஆபீஸில் எந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இதைப் படிக்க? சம்மதம்.

கோடு நகர்ந்து நூறு வந்தது. ரீடரில் இருந்த கார்டை எடுத்து போர்டில் செருகினேன். டிவி கறுப்பாகவே இருந்தது. காலிக் கார்டு! அப்படியானால் சிஸ்டம் எங்கே ஏறியது? மாமனார் தலையில். அவர் குரல் இந்த உலகத்தில் அந்த ஒரு கார்டில்தான் இருந்தது. தெவசத்துக்கு நான்கே நாள்.

மறுநாள் காலை மூணுதரம் கடை திறப்பதற்கு முன்பே இரண்டு கார்டோடும் வாசலில் நின்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஏத்தினப்புறம் அதுல வேற எதுனா போட்டீங்களா?"

"இல்லண்ணே."

"நல்ல வேளை. கூடையில மேலாக்க இருக்கற மீனுதான் போயிருக்கும். அடியில கெடக்கறத தேடி எடுக்கலாம். எவ்ளோ வரும்னு சொல்ல முடியாது." இரண்டு கார்டையும் மீன்பெட்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

நான் மார்க்கெட் கூரையைப் பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். "ஐயா, அம்மா! சாரு வீட்ல சொல்லாம மறைக்கப் போறாரு! ஒருதரம்!"

"அண்ணே!"

"ரெண்டுதரம்!"

"சொல்லிடறேன்! சத்தியமா சொல்லிடறேண்ணே, உக்காருங்க!"

சொன்னேன். மூன்று நாள் சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது, நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த மூன்று நாள் சாம்பாரில் உப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

தெவசத்தன்று படையல் முடிந்து இலை போடும் நேரத்தில் மூணுதரம் ஆட்டோவில் வந்து இறங்கினார். புதுக் கார்டில் சிஸ்டமும் ஏற்றி, மீட்டதையும் சேர்த்திருந்தார். "போட்டோ பாதிக்கு மேல வந்துட்டுது. வீடியோ ஒண்ணே ஒண்ணுதான் முழுசா வந்துது சார்" என்றார் மெதுவாக. பதக்கங்களோடு மாமனார் கம்பீரமாகப் பேசிய வீடியோவாக இருக்க வேண்டுமே என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

சொந்தபந்தம் மொத்தமும் டிவி முன்னால். ஓடியது நோணாங்குப்பம் படகுத்துறை. நான் எடுத்தது. பாதித் திரையில் என் கட்டைவிரல். அதற்குப் பின்னாலிருந்து மாமனாரின் குரல்: "மாப்ளே, வெரல எடுங்க! எத்தினி தரம் சொல்றது? எதையும் பாத்துச் செய்யற பழக்கமே கெடையாதா உங்களுக்கு? ஐயோ, இவரோட!" அதற்கப்புறம் சிரித்தார். வயிறு குலுங்க, இருமல் வரும்வரை சிரித்தார்.

வீடே சிரித்தது. என் மைத்துனன் தரையில் உருண்டான். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். "அப்பா சிரிக்கறாருங்க" என்றாள். மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "இன்னொரு தரம் போடுங்க."

கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து போட்டேன்.

இப்போது மூணுதரம் கடையை மூடிவிட்டுக் காரைக்காலில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் எதையாவது அழிக்க வேண்டுமென்றால் ஒருதரம், ரெண்டுதரம் என்று நானே சொல்லிவிட்டு அவருக்குப் போன் போடுவேன். எது அழிகிறது என்று விசாரித்துவிட்டு, பஸ்ஸில் இருந்தாலும் சரி, பந்தியில் இருந்தாலும் சரி, "மூணுதரம்!" என்று கூவுவார். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே தினமும் எதையாவது அழித்துக்கொண்டிருக்கிறேன்.