பித்தான் தைத்த சலவை மெஷின்

என் சிட்டுக்குருவிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலம் அறிய ஆவல் என்றுதான் அடுத்து எழுத வேண்டும். நீ போய் இருபது நாள் ஆகிவிட்டதால் அந்த வரியை விட்டுவிட்டேன், தப்பாக நினைக்காதே.

விஷயம் உன் சலவை மெஷின். நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப் போவார் என்று உன் மகள் சொல்கிறாள். "பெரியம்மா, அது ஒருநாளாவது துணியை வெளுத்திருக்கா?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். நாம் வேலை பார்த்த மெஷின் கடையின் கண்ணாடி ஜன்னலில் நீ நின்ற நிற்பை அவள் பார்த்தாளா? பின்னால் பெரிய விளம்பரப் படம், அதில் குதிகால் செருப்பு போட்ட ஒருத்தி மெஷின்மேல் ஒரு விரலை வைத்துச் சிரிப்பாள், 'அம்மணி, இனி உங்கள் கை நனையாது' என்று கீழே எழுதியிருக்கும், நீயும் இரவல் செருப்பில் தள்ளாடியபடி அதேபோல் விரல் வைத்துச் சிரிப்பாய், கூட்டம் பார்க்க வெள்ளைச் சட்டையில் மையைக் கொட்டி உள்ளே போடுவாய், அது உறுமி ஆடி ஓய்ந்ததும் "இதோ பிழிஞ்சு கொண்டாரேன்" என்று திரைக்குப் பின்னால் வருவாய், அங்கே நான் முழங்கை வரை சோப்பு நுரையோடு குந்தியிருப்பேன், நான் முன்பே துவைத்துப் பிழிந்து வைத்த அதன் ஜோடிச் சட்டையைக் கொண்டுபோய் நீ விரித்துக் காட்ட, எல்லாரும் கைதட்டுவார்கள். நனையாத கை உன்னுடையது, நனைந்தது என்னுடையது.

அப்புறம் அந்தப் பித்தான். ஒரு சட்டையில் மேல் பித்தான் விழுந்ததும், இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமென்று மற்றதிலும் முதலாளியே அறுத்துவிட்டார். அதை மறந்து, கை சும்மா இருக்காமல், என்னிடம் இருந்த சட்டையில் ஒரு பித்தானைத் தைத்து வைத்தேன். முன்வரிசை அம்மாள் விடவில்லை. "ஏம்மா, உள்ள போறப்ப மேல் பித்தான் இல்லையே?" நீ கண் இமைக்காமல், "தச்சும் குடுக்கும்ங்க" என்றாய். அந்த வாரம் ஒன்பது மெஷின் போனது. மறுவாரம் ஒன்பது வீட்டு அம்மாள்களும் பித்தான் இல்லாத சட்டையோடு வந்து நின்றார்கள். "இந்த மெஷினையும் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றார் முதலாளி. வண்டியில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இனிமே உன் கை நனையாதுக்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். மறுநாள் அதில் போட்டெடுத்த துணியை நான் திரும்பக் கையால் துவைத்தேன்.

போகட்டும். துருப்பிடித்த டப்பா, இடத்தை அடைக்கிறது. இரும்புக்காரரே எடுத்துப் போகட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எப்போதும் நூறு வயது இரு என்று முடிப்பேன். நீ என் பேச்சை என்றைக்குக் கேட்டாய். இருக்கிற இடத்தில் கை நனையாமல் இரு.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: நேற்று மேலே எழுதியதை நம்பாதே. இன்று இரும்புக்காரர் வந்தார், "இந்த வீடு இல்லப்பா" என்று நானே திருப்பி அனுப்பிவிட்டேன். மெஷின் இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே நீ கடைசியாகக் கழற்றிப் போட்ட நைட்டி, மேல் பித்தான் இல்லாமல். பித்தானைத் தைத்துவிட்டேன். துவைக்கத்தான் கை வரவில்லை, உன் வாசனை போய்விடும். அழுக்காகவே வைத்திருந்தால் நீ திட்டுவாய். நீயே சொல்லு சிட்டு, துவைக்கட்டுமா, வேண்டாமா?