கவுஞ்சி மேட்டில் கூடாரம் மடக்கிய படலம்

வாழ்க ஞானவேல்! பழனி அடிவாரத்தில் கிழக்கு பார்த்த பஞ்சாமிர்தக் கடைக்கு உடையோன், மலைவாழைப்பழத்தைத் தொட்ட மாத்திரத்தில் அதன் உள்ளம் கனிந்ததா இல்லையா என்று உரைக்கவல்ல ஒற்றைவிரல் ஞானி, தேனளக்கையிலும் நெய்யளக்கையிலும் கைநடுக்கம் அறியாக் கட்டாண்மையோன், தமயந்தியின் கணவன், அவள் தமையனாகிய ஜெயமுருகனுக்கு வாய்த்த ஒரே மாப்பிள்ளை. அன்னான் மேல்மலையேறிக் கவுஞ்சி மேட்டில் கூடாரத்தோடு பொருத பெருங்கதையைச் சொல்லப் புகுந்தேன். மேல்மலைக் காற்றே, சொல்லி முடிக்கும்வரை சற்று அடங்கியிரு. அன்றைக்குத்தான் நீ அடங்கவில்லை.

பெரும்போர் எதற்கும் ஒரு காரணம் உண்டு. இப்போருக்குக் காரணம் ஒரு பந்தல். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வந்த அடியார்களுக்கு மோர் வழங்கவென்று, தன் கையாலேயே கால் நட்டு, தன் கையாலேயே கயிறு கட்டி, கடைவாசலில் ஞானவேல் எழுப்பிய தென்னோலைப் பந்தலானது, முதல் குவளை மோர் நிரம்புமுன், நடந்து களைத்தவன் தூணைத் தேடிச் சாய்வதுபோலக் காவடிக் கூட்டத்தின்மேல் மெல்லச் சாய்ந்தது. ஓடிவந்து தோள்கொடுத்துத் தூக்கி நிறுத்தியவன் ஜெயமுருகன். பந்தலை நிறுத்தியவன் பேச்சை நிறுத்தியிருந்தால் உலகம் அமைதியாக இருந்திருக்கும். அதற்குப் பின் அக்குலத்தில் நடந்த காதுகுத்து, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா எதிலும், பந்தியில் சாம்பார் வருமுன் அந்தப் பந்தல் ஒருமுறை விழாமல் இருந்ததில்லை. விழுந்த ஒவ்வொரு முறையும் அதனடியில் அகப்பட்ட அடியார் தொகை பெருகிற்று. கடைசியாக விழுந்தபோது ஒரு யானையும் அகப்பட்டது.

அந்த யானையைத்தான் ஞானவேலால் பொறுக்க முடியவில்லை. பாயசத்தில் தோய்ந்திருந்த வலக்கையை உயர்த்தி, பந்தி முழுவதும் கேட்க, விண்ணதிர மண்ணதிரச் சூளுரைத்தான்: "இனிமே என் சோலி எதுலயும் உங்க கை படக்கூடாது மச்சான். நானும் கூப்பிட மாட்டேன்."

"சரிங்க மாப்ள," என்றான் ஜெயமுருகன், அப்பளத்தை நொறுக்கியபடி.

சூளுரைத்தவன் சும்மா இருப்பானா? ஒரு கூடாரம் வாங்கினான். பனிமலை எல்லையில் பட்டாளத்தார் முதுகில் சுமக்கும் கூடாரத்தின் நேர்த் தம்பி என்று விற்றவன் சொன்னான். அதை இருமடங்காக்கி ஞானவேல் தெருவுக்குச் சொன்னான். நான் இன்னொரு மடங்கு கூட்டினால் குற்றமாகாது. முறத்தின் அளவேயான வட்டப்பை. ஒரு கைக்குழந்தையின் எடை. கால் நடவேண்டா, கயிறு கட்டவேண்டா, ஆகவே விழவும் வழியில்லை. வானில் வீசினால் வீடாக வந்து இறங்கும். மைத்துனனை அழைத்துப்போய் இதைக் காட்டிவிட்டால் அந்தப் பந்தல் இனி எந்தப் பந்தியிலும் விழாது. யானையும் எழுந்து போய்விடும்.

இவ்வாறாகத் தமயந்தி, மைத்துனன் சகிதம் காரில் மலையேறியவன், பூண்டு விளைவிக்கும் இருளாயியிடம் கேட்டு, மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் அவள் தோட்டத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு தட்டைப் பெற்றான். மறுநாள் அதில் பூண்டு ஊன்ற ஆள் வருவதால், வெள்ளனே காலிசெய்ய வேண்டுமென்பதே அவள் விதித்த ஒரே நிபந்தனை. மாலை வெயிலில் ஞானவேல் பையைத் திறந்து வீசினான். ஆகா! சுருண்டு கிடந்த சர்ப்பம் படமெடுத்தாற்போல், முனிவன் கமண்டலத்து நீர் பட்டு மாளிகை முளைத்தாற்போல், இமைகொட்டுமுன் பச்சைநிறப் பெருங்கூடாரம் தரையில் வந்து அமர்ந்தது. பேரிக்காயைக் கடிக்கத் திறந்த ஜெயமுருகனின் வாய் திறந்தபடியே நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அன்றிரவு ஞானவேல் விட்ட குறட்டை சக்கரவர்த்திக் குறட்டை.

பொழுது விடிந்தது. விரித்ததை மடக்க வேண்டும் என்னும் கொடிய உண்மையும் கூடவே விடிந்தது.

மடக்கும் வித்தையை விளக்க ஒரு காகிதம் இருந்தது. அதில் எழுத்தில்லை, படங்களே இருந்தன. எல்லாப் படத்திலும் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் படத்தில் அவன் கையில் கூடாரம் இருந்தது. நான்காம் படத்தில் முறமளவுப் பை இருந்தது. இடையில் அவனுக்கு நேர்ந்தது என்னவென்று எந்தப் படமும் காட்டவில்லை.

முதற்போரில் ஞானவேல் அதை வேட்டி மடிப்பதுபோல் மடித்தான். கையெடுத்த கணமே அது மாளிகையாயிற்று. இரண்டாம் போரில் மல்லனைப் பிடிப்பதுபோல் இடுப்பைப் பற்றி முறுக்கினான். அது அவனை முறுக்கிற்று. மூன்றாம் போரில், மதயானைமேல் பாகன் ஏறுவதுபோல் ஏறி அமர்ந்து, ஒரு முனையைப் பையின் வாய்க்குள் செலுத்தியும்விட்டான். எஞ்சிய முனை விசையொடு எழுந்து மோவாயில் ஓர் அறை கொடுத்து, வாயிலைத் திறந்து, வீரனை உள்ளே வாங்கிக்கொண்டு, தானே விருட்டென்று நிமிர்ந்தது. பச்சைத் துணிக்குள் ஒரு வீரனின் நிழல் நாற்புறமும் வாயில் தேடி அலைந்ததைக் கண்டு தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரின் முன்மூக்கில் சாய்ந்து அடுத்த பேரிக்காயைத் தின்றுகொண்டிருந்தான் ஜெயமுருகன். வெளியே வந்த ஞானவேல் அவனை ஒரு பார்வை பார்த்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல மாப்ள," என்றான் ஜெயமுருகன்.

உலகில் சொல்லப்பட்ட எச்சொல்லையும்விட அச்சொல் ஞானவேலைச் சுட்டது.

போர்க்களத்தின் மேலே கழுகு வட்டமிடுமல்லவா? இங்கே வரப்பின்மேல் இருளாயி வந்து நின்றாள். கையில் விதைப்பூண்டுக் கூடை. கண்ணிலோ வேறொரு கணக்கு. கூடாரத்தைச் சுற்றி நடந்தாள். துணியைத் தட்டிப் பார்த்தாள். குனிந்து உள்ளே நோட்டமிட்டாள்.

"மடங்கலேன்னா விட்டுட்டுப் போங்கண்ணே, பாவம். கோழி அடைக்க எனக்கும் ஒரு எடம் இல்லாமத்தான் கெடக்கு."

கேட்டீரா கொடுமையை! பட்டாளக் கூடாரத்தின் நேர்த் தம்பியில் கோழி முட்டையிடுவதா? வெறும் பையோடு பழனி திரும்புவதா? திரும்பினால் அடுத்த பந்தியில் பந்தல் விழும், அதைத் தொடர்ந்து கூடாரம் எழும், அதற்குள் எத்தனை யானை புகுமோ யார் கண்டார்! விரித்தபடி கொண்டுபோகவோ காரில் இடமில்லை. மேகம் இறங்கிவிட்டால் பாதையில் எதிர்வண்டி தெரியாது. மறுநாள் கார்த்திகை, அடிவாரத்தில் கூட்டம் நெரியும். கடை திறந்தாக வேண்டும். தமயந்தி பொறுமை இழந்தாள். என் கூடப் பிறந்தவனைத்தானே கேட்கப் போகிறீர்கள், கேட்டால் தலையில் இருக்கும் கிரீடம் இறங்கிவிடுமா என்பதை அவள் தனக்கே உரிய சுருக்கத்தில் சொன்னாள்:

"கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?"

"நீ சும்மா இரு."

நான்காம் போர் தொடங்கியது. அப்போதுதான் வந்தது மேல்மலைக் காற்று.

பாதி மடிந்த கூடாரத்துக்குள் புகுந்து அதைப் பாய்மரமாக உப்பச்செய்த அக்காற்று, ஒரு முனையைக் கைவிடாத ஞானவேலையும் சேர்த்துத் தட்டின் விளிம்பை நோக்கி இழுத்தது. ஒரு செருப்பு பின்தங்கியது. கீழ்த்தட்டிலோ இருளாயி முட்டைக்கோசுக்கு இறைத்த புதுச் சாண எரு ஆவி பறக்கக் காத்திருந்தது. விட்டால் கூடாரம் கோழிக்கு; விடாவிட்டால் ஞானவேல் எருவுக்கு. ஜெயமுருகன் பேரிக்காயை எறிந்துவிட்டு ஓடிவந்தான். எட்டும் தூரத்துக்கு வந்ததும் சூளுரை நினைவு வர, நீட்டிய கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தவிக்கும் முகத்தோடு கூடவே பக்கவாட்டில் நடந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அதை ஞானவேல் பார்த்தான்.

அக்கணத்தில், பாயசக் கையால் உரைத்த வஞ்சினம் ஒருபுறமும் பட்டாளப் பெருமை மறுபுறமும் நெஞ்சைப் பிளக்க, குதிகால் இரண்டும் மண்ணில் உழவுசால் போட, விளிம்பு ஒரு சாண் தொலைவில் வாய்பிளக்க, எட்டுத் திசையும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, முப்பத்துமுக்கோடித் தேவரும் மேகத்தை விலக்கி எட்டிப் பார்க்க, இருளாயி கூடையை இறக்கிவைக்க, தமயந்தி கண்ணை மூடிக்கொள்ள, பஞ்சாமிர்தப் பெருமகன், ஒற்றைவிரல் ஞானி, கைநடுக்கம் அறியாக் கட்டாண்மையோனாகிய ஞானவேல் தன் திருவாய் மலர்ந்து, மலையெல்லாம் எதிரொலிக்க வேண்டிய குரலைத் தொண்டைக்குள்ளேயே தாழ்த்தி, மைத்துனனின் முகத்தைப் பாராமல் உரைத்தது இது:

"மச்சான், அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க."