படத்தில் விழாத நாற்காலி

என் பேச்சை என் மனைவி நம்பியே ஆகவேண்டும். போன சித்திரையில் நான் எடுத்த மாபெரும் தீர்மானம் இது.

நான் கிருபாநிதி. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். மனைவி ஷெர்லி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் எல்லாப் பாடத்துக்கும் டீச்சர்.

"மூணு மாசத்துல சர்க்கரை இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான். தினமும் முக்கால் மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷெர்லி கீழே டியூஷன் எடுக்கும் நேரத்தில் நான் மொட்டை மாடியில் நடக்கவேண்டும். ஏற்பாடு அப்படி.

"நடந்தியளா?"

"நடந்தேன்."

"முகத்துல ஒரு பொட்டு வேர்வை இல்லியே?"

"கடல் காத்துல காஞ்சிட்டு."

அவள் நம்பவில்லை. நம்பாததில் நியாயமும் இருந்தது. டாக்டர் எழுதியது நடை. நான் எடுத்துக்கொண்டது வடை. ஜெயசிங் அண்ணாச்சி கடைப் பருப்பு வடை.

ஆகவே சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கினேன். அதில் நகம் அளவு கேமரா. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, நேராக ஷெர்லியின் போனுக்கு அனுப்பும். என் நேர்மைக்கு அத்தாட்சியாக, அவள் போனுக்கு மட்டும்!

எந்த அளவில் படம் எடுப்பது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. 3280×2464 வைத்தால் மாடி முழுக்கத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் என் நாற்காலியும் தெரிந்தது. 640×480 வைத்தால் என் முகமும் தொட்டியும் ஒரே மாதிரி இருந்தன. 1920×1080 வைத்தேன். அடடா! துல்லியமான படம். அதோடு, அந்த அளவில் கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. நாற்காலி மாயம்!

அதன்பின் வாழ்க்கை சுகமானது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் அடிக்கும். எழுந்து போய், ஒரு காலைத் தூக்கி, நடப்பதுபோல் நிற்பேன். க்ளிக். திரும்பி வந்து உட்காருவேன்.

நாலாம் நாள் ஷெர்லி வந்தாள். "ஏங்க, படம் பெருசா இருக்கு, போன் திணறுது. கேமரா அளவெல்லாம் நீங்க எழுதி வச்ச சீட்டுல 1640×1232ன்னு இருக்குல்லா, அதுக்கு மாத்துதியளா?"

1920ஐவிட 1640 சின்னது. சின்னப் படத்தில் இன்னும் குறைவாகத்தானே தெரியும்? "உனக்காக மாத்துதேன்ளா" என்றேன் பெருந்தன்மையோடு.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை, டிவியில் போனை இணைத்தாள்.

"இது அஞ்சு அஞ்சுக்கு. நடுவுல நீங்க. ஓரத்துல நாற்காலி, தட்டுல மூணு வடை. இது அஞ்சு பத்துக்கு. ரெண்டு வடை. அஞ்சே காலுக்கு ஒண்ணு."

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்."

"சட்னி தொட்டா?"

"நாற்காலி எப்படித் தெரிஞ்சுது?"

"1640ல கேமரா முழு மாடியையும் எடுத்து, நாலு புள்ளியை ஒண்ணாச் சேத்துச் சுருக்கும். நம்பர் சின்னது, பார்வை பெருசு. எங்க கம்ப்யூட்டர் டீச்சர் ஜெயபிரியா சொன்னா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. டிவியை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஊசிக்குக்கூட நான் பயப்படல. இன்னும் இருபது வருசம் நீங்க கூட இருக்கணும்னு நான் மட்டும்தான் ஆசப்படுதேனோன்னு இருந்துச்சு."

நான் மாடிக்குப் போய் நாற்காலியைக் கீழே இறக்கி வைத்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு முத்துநகர் பீச்சில் இருந்தோம். அவள் முன்னால், நான் மூச்சிரைக்கப் பின்னால். ஒரு வாரத்தில் பக்கத்தில் வந்தேன். ஒரு மாதத்தில் பேசிக்கொண்டே நடந்தோம். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை.

மூன்று மாதம் முடிந்து ரத்தப் பரிசோதனை. டாக்டர் தாளைப் பார்த்தார், நிமிர்ந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "ஊசி வேண்டாம்! சாதிச்சிட்டீங்களே!"

நான் அடக்கத்தோடு எழுந்து கையை நீட்டினேன்.

டாக்டர் என்னைத் தாண்டிப் போய் ஷெர்லிக்குக் கை கொடுத்தார்.