மூன்று அடுப்பு வட்டமும் முளைத்த பச்சையும்

பூனாவில் மகள் மதுவந்தி வீட்டில் தங்கியிருக்கும் உயர்திரு ஹாலாஸ்யம் சார் அவர்களுக்கு, உங்கள் ஒத்தக்கடை வீட்டில் குடியிருக்கும் ஜெராக்ஸ் கடை ராஜபாண்டி பணிவோடு எழுதுவது. இங்கு நாங்கள் நலம், மோட்டார் நலம், மாடிக் குழாய் மட்டும் சொட்டுகிறது.

சார், புல் முளைச்சிருச்சு! இப்பத்தான் எனக்குச் சோறு இறங்குது. மகள் ஆர்த்திகாவின் காதுகுத்துக்கு உங்கள் புல்தரையில் மூன்று அடுப்பு மூட்டி பிரியாணி (காய்கறிதான் சார்) செய்ததும், மூன்று வட்டம் கருகிப்போனதும், பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படம் பிடித்து அனுப்பியதும், "ஒண்ணாம் தேதி வரேன், தரை பச்சையா இல்லேன்னா பெட்டியைக் கட்டிக்கோங்கோ" என்று நீங்கள் போனில் சொன்னதும் தாங்கள் அறிந்ததே. இந்த வீடு கிடைக்க ஒன்பது தெரு அலைஞ்சவன் சார் நான். நீங்கள் கூரியரில் அனுப்பிய புல் விதையை ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்துவைத்தேன். அன்றைக்கே என் மனைவி முத்துமீனாவும் அம்மன் முளைப்பாரிக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முடிந்து, பக்கத்திலேயே வைத்தாள். மறுநாள் கருகின மண்ணைக் கொத்தி, மணலும் சாணித்தூளும் கலந்து, விதைத்து, வைக்கோல் பரப்பினேன். ஊர்ல உள்ள அம்புட்டுப் புறாவும் இங்கதான் வந்துச்சு. கடையை அடைச்சிட்டுக் குடையோட காவல் இருந்தேன். அஞ்சாம் நாள் மூணு வட்டமும் பச்சைப் பசேல்! படம் பிடித்தவரே, "கைராசிக்காரருங்க நீங்க" என்றார். அழுதே விட்டேன் சார்.

முத்துமீனாவுக்குத்தான் மனக்குறை. விரதம் என்று மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றிவைத்துப் பக்தியோடு தூவியும், அவள் சட்டியில் ஏதோ அஞ்சாறு இழைதான் வந்தது. "ஆத்தாவுக்கு நம்ம மேல என்ன கோவம்ங்க?" என்று அழுதாள். "ஆத்தா அருள் பூராவும் புல்லுல இறங்கிருச்சு, விடு" என்று தேற்றி, சட்டியைத் தலையில் ஏற்றி, கண்மாயில் கரைக்கப் போன முளைப்பாரி ஊர்வலத்தோடு அனுப்பினேன்.

ஆகவே ஒண்ணாம் தேதி தாராளமா வாங்க. வந்து செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க. மாமிக்கு எங்கள் நமஸ்காரம். மீனாட்சி புண்ணியத்தில் உங்கள் குடும்பம் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியுடன்,
ராஜபாண்டி

பி.கு.: கவரை ஒட்டும்போது திருமங்கலத்திலிருந்து முத்துமீனாவின் அண்ணன் கருப்பு வந்தார். விவசாயி. புல்லைக் குனிந்து பார்த்தவர், "மாப்ள, கேழ்வரகை இம்புட்டு நெருக்கமாவா விதைப்பாக? கலைச்சு விடுங்க" என்றார். உங்கள் புல் போன வாரமே குலவைச் சத்தத்தோடு கண்மாயில் கரைந்துவிட்டது சார். பிரியாணியும் காய்கறி இல்லை. ஒண்ணாம் தேதி வர வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க, அறுப்பு முடிஞ்சிரும். பாதி விளைச்சல் உங்களுக்கு.