இந்தாங்க, சிகரெட் காசு

மக்களைக் கரைத்துக் குடித்தவர் என்று ஓர் இனம் இருக்கிறது. புகையிலை ஒழிப்புப் பிரசாரம் எங்கே நடந்தாலும் அங்கே முளைக்கும். எங்கள் தெகால் துறைமுகத்துக்கு வாய்த்தவர் பாக் புதியார்த்தோ. எங்கள் ஊர்ப் பேச்சில் 'பாக்' என்றால் ஐயா, 'மாஸ்' என்றால் அண்ணன்.

இவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரியமாட்டார்கள். 'இலக்குப் பிரிவு'தான் தெரியும். சந்தையில் ஒருவன் தும்மினால் போதும், அவன் எந்தப் பிரிவு, எதற்கு நடுங்குவான், எந்த நிறத்தைக் கண்டால் மயங்குவான், எத்தனை வரிக்கு மேல் படிக்கமாட்டான் என்று கடகடவென்று ஒப்பித்துவிடுவார். அவன் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் அவனுக்கான சுவரொட்டி தயார். அவனிடம் பேசினாரா? எதற்கு? பேசினால் குழப்பம்தானே வரும்!

மீனவர்களுக்கென்றே அவர் போட்ட சுவரொட்டியில் ஓர் எலும்புக்கூடு தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் வலை வீசுகிறவர்கள்.

"யாருப்பா இது, குளத்துல மீன் புடிக்கிறவன்?"

"பட்டணத்துக்காரனா இருப்பான். பாரு, சோறே கெடைக்கல."

அப்புறம் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார். கருத்துக் கேட்பு என்றால், அவர் சொல்வார், நாங்கள் கேட்க வேண்டும்.

நடுவில் கஸ்முரி எழுந்தார். படகில் வேலை. கைக்குழந்தைக்கு மூச்சிரைப்பு. இன்னொரு முறை புகை நாற்றத்தோடு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

"பாக், நானா வாங்கி ஊதுறத விட்டாச்சு. ஆனா எங்க படகுத் தலைவரு நீட்டுறாரே! வேணாம்னா, 'என்ன மாஸ், என் கையால வாங்க மாட்டியா?'ன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறாரு. அவரு கோவிக்காம எப்படி வேணாங்கிறது? அத மட்டும் சொல்லிக் குடுங்க."

பாக் கனிவாகக் கண்ணை மூடினார். "புரியுது மாஸ். உங்களுக்கு சாவு பயம்."

"சாவுக்கு இல்ல பாக். தலைவருக்குத்தான் பயம்."

"அப்படித்தான் தோணும். அடி மனசுல சாவு பயம். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்." உதவியாளர் பக்கம் திரும்பினார். "எலும்புக்கூட்ட இன்னும் பெருசாக்கிடுங்க."

கூட்டம் கலைந்தது. எங்கள் ஊரில் யாருக்கு எதற்காகக் கைச்செலவுக்குக் கொடுத்தாலும் அந்தப் பணத்துக்கு ஒரே பெயர்தான்: சிகரெட் காசு. வாய் தானாகச் சொல்லும். யோசிக்கிற வழக்கம் கிடையாது. பாக் மட்டும் யோசிப்பாரா? வாசலில் கஸ்முரியை நிறுத்தி ஓர் உறையை நீட்டினார்.

"பிரமாதமா பேசுனீங்க மாஸ். இந்தாங்க, சிகரெட் காசு!"

கஸ்முரி உறையைப் பார்த்தார், பாக்கைப் பார்த்தார். "வேணாம் பாக்."

பாக் முகம் சுருங்கிப்போனது. "என்ன மாஸ், என் கையால வாங்க மாட்டீங்களா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கஸ்முரி சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டார். நேரே எதிர்க்கடைக்குப் போய்க் காசை நீட்டினார்.

என்ன வாங்கினார்?

அட, அதற்குள் தெரிந்துவிட்டதா உங்களுக்கு? படகு ஆள், இளகின மனசு, கையில் காசு... போட்டாயிற்றா ஒரு பிரிவில்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

வாங்க, வாங்க. பாக் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான்.